சொந்த கிளினிக்கில் இ.எம்.ஆர். வேண்டுமா, நோட்டே போதுமா?

கேள்வி: 2025 ஜூன் 3, காலை

எம்.டி. முடித்துவிட்டு சொந்த ஊரிலேயே கிளினிக் திறந்திருக்கிறேன், பட்டுக்கோட்டை பக்கம். சாயந்தர ஓ.பி.யில் ஐம்பது அறுபது பேர் வருகிறார்கள். பெரும்பாலும் சுகர், பி.பி., மூட்டு வலி, காய்ச்சல். இ.எம்.ஆர்., அதாவது நோயாளிகளின் பதிவைக் கம்ப்யூட்டரில் வைக்கிற சாஃப்ட்வேர், அதை விற்கிறவர்கள் வாரம் தவறாமல் வருகிறார்கள். கூடப் படித்த ஒருவன் வாங்கிப் போட்டுவிட்டு மூடி வைத்துவிட்டான். டைப் அடிக்கிற நேரத்தில் இன்னும் இரண்டு பேரைப் பார்த்துவிடலாம் என்கிறான். எனக்கும் அப்படித்தான் படுகிறது. பெரிய மருத்துவமனைக்கு பில் போட இது உதவும். நம் ஊர் ஓ.பி.க்கு நோயாளி கையில் ஒரு நோட்டு இருந்தால் போதும். மறுக்கிறவர்கள் இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு

தம்பி, நோட்டு போதாது. நானும் டெல்டாதான், திருத்துறைப்பூண்டி பக்கம், பொது மருத்துவம், இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதல் பாதி முழுக்க நோட்டு. அப்புறம்தான் கம்ப்யூட்டர்.

போன சித்திரையில் எழுபது தாண்டிய ஒருவர் வந்தார். எழுந்து நின்றால் கிறுகிறுப்பு. நிற்க வைத்துப் பார்த்தால் பி.பி. 90-க்குக் கீழே. நோட்டைப் புரட்டினேன், நான் கொடுத்த மருந்து மட்டும்தான் இருந்தது, எல்லாம் ஒழுங்காக இருந்தது. வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டை எல்லாவற்றையும் எடுத்து வரச் சொன்னேன். மகள் ஒரு மஞ்சள் பை நிறையக் கொண்டுவந்து கொட்டினார். நான் எழுதிய டெல்மிசார்டன் என்ற பி.பி. மருந்து ஒரு கம்பெனிப் பெயரில் இருந்தது. மகன் வீட்டுக்குப் போனபோது அங்கே ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்தது வேறு கம்பெனிப் பெயரில் இருந்தது, அதிலும் டெல்மிசார்டன், கூடவே நீர் பிரியும் மருந்து. ஒன்று வெள்ளை, ஒன்று ரோஸ். அவரைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு வியாதிக்கு.

நோட்டில் எழுதுகிற இடமெல்லாம் இருந்தது. ஆனால் ஒரு டாக்டருக்கு ஒரு நோட்டு என்று ஆகிவிட்டது நம் ஊரில். என்னிடம் வரும்போது என் நோட்டு, எலும்பு டாக்டரிடம் போகும்போது அவர் நோட்டு.

ஜூன் 4

காலையில் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அந்த இன்னொரு டாக்டர் எழுதியது உங்கள் கம்ப்யூட்டருக்கு மட்டும் எப்படித் தெரியும், மேடம்?" நியாயமான கேள்வி.

தெரியாது. என் கிளினிக்கில் மட்டும் ஓடுகிற சாஃப்ட்வேருக்கு அடுத்த தெருவில் நடப்பது தெரியாது. அந்தப் பெரியவருக்கு உதவியது கம்ப்யூட்டர் வைத்த பிறகு வந்த ஒரு பழக்கம். என் திரையில் நோயாளியின் பெயருக்குக் கீழே முதலில் வருவது "இப்போது சாப்பிடுகிற மருந்துகள்". நான் எழுதியது, பிறர் எழுதியது, மெடிக்கலில் தானாகக் கேட்டு வாங்கியது, மூன்றும் ஒரே பட்டியலில், கம்பெனிப் பெயரோடு மூலப் பெயரும் (உள்ளே இருக்கிற மருந்தின் பெயர்) போட்டு. அந்தப் பட்டியல் காலியாக இருந்தால் சிஸ்டர் நோயாளியை உள்ளே அனுப்ப மாட்டார். அட்டை கொண்டுவரவில்லை என்றால் வீட்டுக்கு போன் போட்டு, பேரப்பிள்ளையிடம் அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுவார். நோட்டிலும் இதைச் செய்யலாமே என்றால், செய்யலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் பழைய பக்கங்களைத் தேடி முழுப் பட்டியலைத் திரும்ப எழுத யாராலும் முடியாது. "சி.டி. ஆல்" (எல்லாம் அப்படியே தொடரட்டும்) என்று போட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவோம். எல்லோரும் அப்படித்தான்.

மூலப் பெயரை எழுத வேண்டும் என்பதை மருத்துவக் கவுன்சில் 2016-லேயே விதியில் சேர்த்துவிட்டது. தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது. கையால் எழுதும்போது அது நடப்பதில்லை. திரையில் தானாக நடந்துவிடுகிறது.

ஜூன் 4, மதியம், சின்னதாக ஒன்று

ஈ.சி.ஜி. காகிதம். நோயாளி ஃபைலில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருப்பார். சில வருஷம் கழித்து எடுத்தால் வெறும் காகிதம். அது சூட்டில் கறுக்கிற ரகக் காகிதம், வெயிலும் பிளாஸ்டிக் உறையும் சேர்ந்தால் கோடு சீக்கிரமே மங்கிவிடும். பழைய ஈ.சி.ஜி.யோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியாமல் நெஞ்சு வலிக்காரரை நடு இரவில் தஞ்சாவூருக்கு அனுப்புகிற நிலை எல்லோருக்கும் வந்திருக்கும். எடுத்த உடனே படம் பிடித்து அவர் பெயரில் சேர்த்துவிடுங்கள். சாஃப்ட்வேர் வாங்காவிட்டாலும் இதை நாளைக்கே தொடங்கலாம்.

ஜூன் 6

தம்பியின் நண்பர் மூடி வைத்த கதைக்கு வருகிறேன். டைப் அடிப்பது பெரிய பிரச்சினைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2009-இல் சட்டம் போட்டு, பணம் கொடுத்து, டாக்டர்களை இ.எம்.ஆர்.க்கு மாற்றினார்கள். 2016-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று அங்கே டாக்டர்களின் பக்கத்திலேயே ஆளை நிற்க வைத்து நேரம் குறித்தது. நோயாளியோடு ஒரு மணி நேரம் என்றால், கம்ப்யூட்டரோடும் மேஜை வேலையோடும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வீட்டுக்குப் போன பிறகும் ராத்திரியில் உட்கார்ந்து முடித்தார்கள். அங்கே அந்தத் திரையின் பெரும்பகுதி காப்பீட்டு பில்லுக்காக வடிவமைக்கப்பட்டது. எந்தப் பெட்டியை நிரப்பினால் எவ்வளவு பணம் என்பதுதான் கணக்கு. நோயாளியைப் புரிந்துகொள்ள எது தேவை என்பது அப்புறம்தான் வந்தது.

நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகையால் அந்தத் திரையை இங்கே இறக்குமதி செய்யாதீர்கள். விற்க வருகிறவர் காட்டுகிற டெமோவில் ஒரு நோயாளிக்கு எத்தனை பக்கம் புரட்டுகிறார் என்று மட்டும் பாருங்கள். சுகர் நோயாளி ஒருவர் மறுமுறை வருகிறார், மருந்தில் மாற்றமில்லை என்றால், டாக்டர் தொட வேண்டியது ஒரே பக்கமாக இருக்க வேண்டும்.

எங்கள் கிளினிக்கில் வேலை பிரிந்திருக்கிறது. டோக்கன் போடும் இடத்தில் பெயர், போன் நம்பர். சிஸ்டர் எடை, பி.பி., சர்க்கரை, மருந்துப் பட்டியல். நான் எழுதுவது மூன்றுதான்: என்ன கஷ்டம், என்ன நினைக்கிறேன், என்ன மாற்றினேன். மறுபடி எப்போது வர வேண்டும் என்ற தேதியை மருந்துச் சீட்டு அச்சாகும்போதே அது கேட்டு வாங்கிக்கொள்ளும். அந்தத் தேதியைப் பற்றி தனியாக எழுத வேண்டும். அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியம்.

ஜூன் 6, இரவு

அந்தத் தேதி.

நோட்டு வைத்திருந்த காலத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வந்தவர்களைப் பற்றித்தான். வராதவர்கள் யார் என்று தெரியவே தெரியாது. தெரியவும் வழியில்லை, அவர்களுடைய நோட்டு அவர்கள் வீட்டில் இருக்கிறது. "அந்த அம்மா ரொம்ப நாளா காணோமே" என்று எப்போதாவது தோன்றும், அடுத்த டோக்கனில் மறந்துபோகும். ஊர்க் கல்யாணத்தில் யாராவது சொல்லித்தான் இறந்த செய்தி கேள்விப்படுவேன். இறந்தவர்களில் பலர் வராமல் நின்றதால் வியாதி முற்றியவர்கள். வந்துகொண்டிருந்தால் முற்றியிருக்காது.

இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும் வரவேற்பில் இருக்கும் பெண் ஒரு பட்டியல் எடுக்கிறார். வர வேண்டிய தேதி தாண்டி ஒரு மாதம் ஆன சுகர், பி.பி., வலிப்பு, இருதய நோயாளிகள். போன் போடுகிறார். பாதிப் பேர் "அடுத்த வாரம் வர்றோம்" என்பார்கள். சிலர் வேறு டாக்டரிடம் போய்விட்டோம் என்பார்கள், அது நல்லது, பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம். சிலரிடம்தான் விஷயம் இருக்கும்.

அப்படி ஒரு போனில் ஒரு விவசாயி, "கால்ல சின்னப் புண்ணும்மா, வலியே இல்ல, மஞ்சப் பத்து போட்டிருக்கேன், அறுப்பு முடிஞ்சு வர்றேன்" என்றிருக்கிறார். சுகர்க்காரருக்கு வலியே இல்லாத கால் புண் என்றால் நரம்பு மரத்துப்போயிருக்கலாம், அதுதான் ஆபத்து என்று வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தோம். அவர் விடவில்லை. மனைவியிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, அன்றைக்கே ஆட்டோ பிடித்து வரவைத்துவிட்டார். இரண்டு விரலுக்கு நடுவே எலும்புக்குப் பக்கம் வரை போயிருந்தது. கால் தப்பியது. அறுப்பு முடியும்வரை விட்டிருந்தால் தப்பியிருக்காது என்று அறுவை சிகிச்சை செய்தவர் சொன்னார்.

இ.எம்.ஆர். எதற்கு என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் பதில் இந்தத் திங்கட்கிழமைப் பட்டியல். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

ஜூன் 7

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, இது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். செய்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் அடிப்படையே அதுதான், மாத்திரை வாங்க வராதவர் வீட்டுக்கு மாத்திரை போகிறது. உயர் ரத்த அழுத்தத்துக்காக பஞ்சாப், மகாராஷ்டிரா போன்ற மாநிலங்களில் அரசு மருத்துவமனைகள் பயன்படுத்தும் "சிம்பிள்" என்ற செயலியைப் பாருங்கள். பெயருக்கு ஏற்றபடி பி.பி., மருந்து, அடுத்த தேதி என்று கொஞ்சம்தான் கேட்கும். தேதி தாண்டியவர்களை ஒரு பட்டியலாகக் காட்டும், அதிலிருந்தே கூப்பிடலாம். ஒரு நல்ல பதிவேடு எவ்வளவு குறைவாகக் கேட்கலாம் என்பதற்கு அது உதாரணம்.

ஆனால் தனியார் கிளினிக்குக்கு வருகிறவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. அவர்களைத் தேடிப் போக வேண்டியது நாம்தான்.

ஜூன் 9

கிராம சுகாதார செவிலியர் ஒருவர் எழுதியிருப்பதை எல்லோரும் படியுங்கள். கர்ப்பிணியைப் பார்த்து பதிவேட்டில் எழுதுகிறார், அப்புறம் அதையே கர்ப்பிணிகளைப் பதிகிற அரசு இணையதளமான பிக்மியில் ஏற்றுகிறார், அப்புறம் வேறொரு செயலியில் இன்னொரு முறை. சிக்னல் இல்லாத ஊரில் பகலில் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் சமையலை முடித்துவிட்டு ராத்திரி ஏற்றுகிறார்.

இதற்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை. பிக்மியால் நடந்த நன்மை பெரிது. தமிழ்நாட்டில் கர்ப்பம் என்றாலே எண் வாங்க வேண்டும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரை அந்த எண் கூடவே போகிறது. ரத்தசோகை, இரட்டைக் குழந்தை, முந்தைய சிசேரியன் என்று ஆபத்துள்ள தாய் யார் என்பது பிரசவத்துக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அந்த நன்மைக்குப் பின்னால் இவருடைய ராத்திரி நேரம் இருக்கிறது என்பதை நாம் சொல்லியாக வேண்டும். ஒரு தகவலை ஒரு முறைதான் ஏற்ற வேண்டும். செயலி வந்த பிறகும் பதிவேட்டைக் கேட்டால் வேலை இரட்டிப்பாகிவிடும். இதைச் சரிசெய்யாமல் புதுச் செயலி ஒன்றைக் கொண்டுவருவது கொடுமை.

தனியார் கிளினிக்கிலும் இதே தப்பு நடக்கும், தம்பி. டாக்டர் டைப் அடிக்க மாட்டேன் என்றால் அந்தச் சுமை சிஸ்டர் தலையில் விழும். அவருக்குத் தனி ஆளோ, தனி நேரமோ, சம்பள உயர்வோ கொடுக்காமல் தொடங்காதீர்கள்.

ஜூன் 12

கஜா புயலை யாரோ இழுத்துவிட்டார்கள். "கரண்ட் போனால் உங்கள் கம்ப்யூட்டர் என்ன செய்யும்?"

2018 நவம்பர் 16 அதிகாலை. எங்கள் பக்கம் கூரையும் தென்னையும் மிஞ்சவில்லை. கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மூன்றாம் நாளிலிருந்து நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். நோட்டுகள் ஊறி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மை கலங்கி. சிலரிடம் நோட்டே இல்லை, பீரோவோடு போய்விட்டது. "அந்தச் சின்ன வெள்ளை மாத்திரைம்மா" என்று மட்டும் சொல்ல முடிந்தது அவர்களால். இன்சுலினைச் சிலர் ஈர மணல் நிரப்பிய பானைக்குள் வைத்துக் காப்பாற்றியிருந்தார்கள். எத்தனை யூனிட் என்று கேட்டால் போட்டுவிடுகிற மருமகளுக்குத்தான் தெரியும், அவர் முகாமில் இருக்கிறார்.

எங்களிடம் கம்ப்யூட்டர் இருந்தது. ஆனால் இணையமும் இல்லை, மின்சாரமும் இல்லை. நாங்கள் வைத்திருந்தது கிளினிக்கிலேயே ஓடுகிற சாஃப்ட்வேர், அதன் பிரதி ஒன்று லேப்டாப்பில் இருந்தது. பக்கத்து ரைஸ் மில் ஜெனரேட்டரில் சார்ஜ் போட்டு, முகாமில் உட்கார்ந்து, பெயர் கேட்டு மருந்தைச் சொன்னோம். எல்லாம் கிளவுடில், இணையத்தில்தான் இருக்கிறது என்கிற சாஃப்ட்வேராக இருந்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அமெரிக்காவில் 2005-இல் கத்ரீனா புயல் அடித்தபோது முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளின் பதிவுகள் மின்னணுவில் இருந்ததால், நியூ ஆர்லியன்ஸை விட்டு வெளியேறியவர்களுக்கு வேறு ஊர்களில் வைத்தியம் தொடர்ந்தது. அங்கே வெளியூருக்குத் தகவல் போக வேண்டியிருந்தது. எங்களுக்கு உள்ளூரிலேயே தகவல் இருக்க வேண்டியிருந்தது. இரண்டும் வேண்டும்.

அதற்கப்புறம் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஐப்பசி பிறப்பதற்குள் இன்சுலின் போடுகிறவர்களுக்கும், வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை), வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மருந்துப் பட்டியலை அச்சடித்து, லேமினேட் செய்து கையில் கொடுத்துவிடுவோம். காகிதத்துக்கு நான் எதிரியில்லை. அது ஒரே பிரதியாக இருப்பதுதான் பயம்.

ஜூன் 13

மேலே எழுதியதோடு சேர்த்து: 2022 நவம்பர் 23 அன்று டில்லி எய்ம்ஸின் சர்வர்களை ரான்சம்வேர், அதாவது தகவலைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற வைரஸ், முடக்கியது. ஏறக்குறைய இரண்டு வாரம் ஓ.பி., அட்மிஷன், லேப் எல்லாம் கையால் எழுதி ஓடியது. நாட்டின் முதல் மருத்துவமனைக்கே அப்படி என்றால் நாம் எம்மாத்திரம் என்று சிலர் இதை வாதமாக வைக்கிறார்கள். நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு. பிரதி எடுத்து, அதைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றித் தனியாக வைக்க வேண்டும். எப்போதும் செருகியே இருக்கிற டிரைவையும் வைரஸ் பூட்டிவிடும். மாதம் ஒரு முறை அந்தப் பிரதியைத் திறந்து உண்மையிலேயே படிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். எடுத்து வைத்துவிட்டு திறந்தே பார்க்காதவர்கள் ஏராளம்.

ஜூன் 16

எச்சரிக்கை மணிகள் பற்றி ஒரு மயக்க மருந்து நிபுணர் கேட்டிருந்தார்.

சாஃப்ட்வேர் வரும்போது எல்லா மருந்துக்கும் எல்லா மருந்தோடும் எச்சரிக்கை காட்டும். முதல் வாரத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு "சரி" அழுத்தப் பழகிவிடுவோம். அப்புறம் உண்மையான ஆபத்து வரும்போதும் விரல் தானாக "சரி"க்குப் போகும். நான் கம்பெனிக்காரரை உட்கார வைத்து ஏறக்குறைய எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன். வைத்துக்கொண்டவை: பென்சிலின் அலர்ஜி, வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு மெட்ரோனிடசோல் என்ற கிருமி மருந்து, சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவருக்கு சுகர் மருந்தான மெட்ஃபார்மினும் வலி மாத்திரையும், கர்ப்பிணிக்கு வலிப்பு மருந்தான வால்ப்ரோயேட்டும் சில பி.பி. மாத்திரைகளும். மணி அபூர்வமாக அடிப்பதால் அடித்தால் நிற்கிறேன்.

இதைவிட எனக்கு உதவியது ஒரு கோடு. கிரியேட்டினின் கோடு, சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் ஏறுகிற அளவு அது. ஒரு அம்மாவுக்கு 0.9, அப்புறம் 1.0, அப்புறம் 1.1, அப்புறம் 1.3. லேப் ரிப்போர்ட்டைத் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் பயமுறுத்தாது, கடைசி ஒன்றுதான் எல்லையைக் கொஞ்சம் தொடும். ஆனால் அறுபது வயதுப் பெண்ணுக்கு 1.3 என்றால் சிறுநீரகம் வடிகட்டும் அளவான ஜி.எஃப்.ஆர். 50-க்குக் கீழே. கோடாகப் போட்டுப் பார்த்தால் மலை ஏறுகிற மாதிரி இருந்தது. கேட்டால் முட்டி வலிக்கு மெடிக்கலில் தினமும் ஒரு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். திரையை அவர் பக்கம் திருப்பி அந்தக் கோட்டைக் காட்டினேன். நான் எத்தனையோ முறை வாயால் சொன்னது ஏறவில்லை, அதைப் பார்த்ததும் அன்றைக்கே நிறுத்தினார்.

ஜூன் 17

திரையைத் திருப்புவது பற்றிக் கேட்டவர்களுக்கு: மேஜையை மாற்றிப் போடுங்கள். திரை நமக்கும் நோயாளிக்கும் நடுவில் சுவராக நிற்கக்கூடாது. பக்கவாட்டில் இருக்கட்டும், இருவருக்கும் தெரியட்டும். முதல் இரண்டு நிமிஷம் விசைப்பலகையைத் தொடாமல் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். "வரப்பு ஏறினா நெஞ்சு அடைக்குது, நின்னா சரியாப் போகுது" என்று ஒருவர் சொன்னால் அதை அவர் சொன்னபடியே எழுதுங்கள். பட்டியலிலிருந்து "நெஞ்சு வலி" என்று தேர்ந்தெடுத்துவிட்டால் வரப்பும் போய்விடும், நின்றால் சரியாவதும் போய்விடும். வைத்தியம் அந்த இரண்டில்தான் இருக்கிறது.

எதிர்ப் பக்கமாக ஒன்று. பழைய பதிவை அப்படியே ஒட்டுகிற வசதி எல்லா சாஃப்ட்வேரிலும் உண்டு. ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து வந்த டிஸ்சார்ஜ் சம்மரி, அச்சுப் பிசகில்லாமல், பக்கம் பக்கமாக. கால் கட்டைவிரல் எடுத்தவருக்கு "இரு கால்களும் இயல்பு" என்று போட்டிருந்தது. கையால் எழுதியிருந்தால் இந்தப் பொய் வந்திருக்காது. கிறுக்கலாக இருந்தாலும் பார்த்ததை எழுதியிருப்பார்கள்.

ஜூன் 21

அந்தரங்கம். இதைப் பற்றிக் கேட்கவே ஆள் இல்லை என்பது எனக்குக் கவலை.

சின்ன ஊர். வரவேற்பில் உட்காருகிற பெண் யாரோ ஒருவருக்குச் சித்தப்பா மகள், கம்பவுண்டர் இன்னொருவருக்கு மாமன். காகித ஃபைலை எடுக்க ஒருவர் எழுந்து போய் அலமாரியைத் திறக்க வேண்டும். கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினால் போதும். கல்யாணத்துக்குப் பார்க்கிற பெண்ணுக்கு வலிப்பு மாத்திரை ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படும் உறவினர்கள் எங்கும் உண்டு. எங்களிடம் ஆளுக்கு ஒரு கடவுச்சொல், டோக்கன் இடத்தில் பெயரும் தேதியும் மட்டும்தான் தெரியும், யார் எந்தப் பதிவை எப்போது திறந்தார்கள் என்பது பதிவாகும். இதை வேலைக்குச் சேரும் நாளிலேயே சொல்லிவிடுவேன்.

சட்டமும் இருக்கிறது. எச்.ஐ.வி. சட்டமும் மனநலப் பராமரிப்புச் சட்டமும் 2017-இல் வந்தன, இரண்டிலும் ரகசியம் காப்பது கடமை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. மத்திய அரசின் 2016 இ.எச்.ஆர். (மின்னணு சுகாதாரப் பதிவு) தர நெறிகள் இன்னும் தெளிவு: தகவல் நோயாளியுடையது, நாம் அவருக்காக அதைக் காத்து வைத்திருக்கிறோம். உள்நோயாளி பதிவை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை விதிகளிலேயே உண்டு. கேட்டுப் பாருங்கள், பில் கட்டிய பிறகும் எத்தனை இடத்தில் கொடுக்கிறார்கள் என்று.

வாட்ஸாப்பில் ரிப்போர்ட் வாங்குகிறோமே என்றார் ஒருவர். வாங்குகிறோம், நானும்தான். ஆனால் அது பதிவேடு ஆகாது. மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பி.டி.எஃப்., குழந்தையின் பிறந்தநாள் படத்துக்கும் காலை வணக்கத்துக்கும் நடுவே கிடக்கிறது. போன் மாறினால் போச்சு. வந்த அன்றே அவர் பெயரில் ஏற்றிவிட்டு, போனிலிருந்து அழித்துவிட வேண்டும்.

ஜூன் 22

ஆபா எண், அதாவது மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதார அடையாள எண், எடுக்கச் சொல்வதா வேண்டாமா? நான் சொல்கிறேன், வற்புறுத்துவதில்லை.

2020 ஆகஸ்ட் 15-இல் அறிவித்து ஆறு யூனியன் பிரதேசங்களில் முதலில் ஓட்டினார்கள். அதில் புதுச்சேரியும் உண்டு, அதாவது நம் பக்கத்துக் காரைக்காலும். 2021 செப்டம்பர் 27 முதல் நாடு முழுக்க. பதினான்கு இலக்கம். பலர் நினைப்பதுபோல் எல்லோருடைய ரிப்போர்ட்டும் டில்லியில் ஒரே இடத்தில் குவிவதில்லை. பதிவு அது உருவான மருத்துவமனையிலோ லேபிலோ இருக்கும். நோயாளி போனில் சம்மதம் கொடுத்தால், அவர் சொன்ன காலத்துக்கு மட்டும், கேட்ட டாக்டருக்குத் தெரியும். திரும்பப் பெறவும் முடியும்.

என் முதல் பதிவில் வந்த பெரியவருக்கு இரண்டு டாக்டர்களும் இதில் இருந்திருந்தால் மகள் மஞ்சள் பையைச் சுமந்திருக்க வேண்டாம். ஆனால் சம்மதம் கொடுக்க அவரிடம் ஸ்மார்ட்போன் இல்லை, ஓ.டி.பி. மகனுக்குப் போகிறது, மகன் ஷிஃப்டில் இருக்கிறார். சம்மதத்தை மகன் கொடுத்தால் அது யார் சம்மதம்? எழுபது வயது மனிதருக்கு மகனிடமிருந்து மறைக்க விரும்பும் வியாதி இருக்கலாம். இதற்குத் தீர்வு வரும்வரை, படிக்கத் தெரிந்த, சொந்தப் போன் உள்ள நோயாளிகளோடு தொடங்கியிருக்கிறோம். மற்றவர்களுக்கு லேமினேட் அட்டை.

ஜூன் 28

தம்பி தனிச் செய்தியில் கேட்டதற்கு இங்கேயே பதில், எல்லோருக்கும் ஆகட்டும்.

எந்தக் கம்பெனி என்று பெயர் சொல்ல மாட்டேன், ஊருக்கு ஊர் சர்வீஸ் மாறும். கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். நாளைக்கு நான் வேறு சாஃப்ட்வேருக்குப் போனால் என் நோயாளிகளின் பதிவை எந்த வடிவத்தில் தருவீர்கள், எழுதிக் கொடுங்கள். பி.டி.எஃப். மூட்டை என்றால் வேண்டாம், இன்னொரு சாஃப்ட்வேர் படிக்கிற வடிவம் வேண்டும். கம்பெனியை மூடிவிட்டால்? இணையம் இல்லாமல் எத்தனை நாள் ஓடும்? தேதி தாண்டியவர்களின் பட்டியலை இப்போதே எடுத்துக் காட்டுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்குத் தடுமாறினால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள், அது பில் போடுகிற சாஃப்ட்வேர்.

செலவு பிடிக்காத வழியும் உண்டு. ஓப்பன்எம்.ஆர்.எஸ். என்ற இலவச மருத்துவப் பதிவு மென்பொருளை அடிப்படையாக வைத்துக் கட்டிய பாம்னி என்ற இலவச மென்பொருள், சத்தீஸ்கரில் கனியாரி கிராமத்து ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் மருத்துவமனையின் தேவையிலிருந்து பிறந்தது. ஒரு தனி கிளினிக்குக்கு அதை நிறுவித் தர ஆள் வேண்டும். நான்கைந்து டாக்டர்கள் சேர்ந்தால் ஆள் வைத்துக்கொள்ளலாம். பட்டுக்கோட்டையில் அப்படிச் சேர முடிந்தால் சொல்லுங்கள், நாங்களும் வருகிறோம்.

ஜூலை 2

கேட்டு எழுதிக்கொள்கிற ஏ.ஐ. பற்றி: ஒரு நண்பரின் கிளினிக்கில் பார்த்தேன். டாக்டர் பேசுகிற ஆங்கிலத்தை நன்றாகப் பிடிக்கிறது. நோயாளி, நோயாளியின் மனைவி, கூட வந்த பக்கத்து வீட்டுக்காரர் மூவரும் ஒரே நேரத்தில் பேசும்போது யாருக்கு வயிற்று வலி என்பதில் தடுமாறுகிறது. முன்னேறும், சீக்கிரமே முன்னேறும். கை ஓயும் டாக்டர்களுக்கு அது பெரிய விடுதலையாக இருக்கும் என்று மனதார நம்புகிறேன். ஆனால் ஒலி எங்கே போகிறது, யார் வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் என் அறைக்குள் விட மாட்டேன். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்க்காமல் சேமிக்கவும் கூடாது.

ஜூலை 5

"வாங்கிவிட்டேன் மேடம், பழைய நோட்டுகளை என்ன செய்வது, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யவா?" என்று தம்பி கேட்கிறார்.

வேண்டாம். ஸ்கேன் செய்த பக்கங்களை யாரும் திறந்து பார்ப்பதில்லை, தேடினாலும் கிடைக்காது. அடுத்த முறை வரும்போது அவரவர் நோட்டிலிருந்து நான்கு விஷயத்தை மட்டும் சிஸ்டர் ஏற்றட்டும்: என்னென்ன வியாதி, இப்போது என்ன மருந்து, எதற்கு அலர்ஜி, கடைசி கிரியேட்டினினும் மூன்று மாதச் சர்க்கரையும். சுகர், பி.பி. நோயாளிகளோடு தொடங்குங்கள். காய்ச்சலுக்கு வருகிறவர்கள் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் மாதம் டோக்கனைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், வருமானமும் குறையும், வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நோட்டை நோயாளியிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம், அது அவருடையது. அச்சடித்த சீட்டை அதிலேயே ஒட்டிக் கொடுங்கள்.

இரண்டாவது மாதம் ஒரு திங்கட்கிழமை அந்தப் பட்டியலை எடுத்து, முதல் பத்துப் பேருக்கு நீங்களே போன் போட்டுப் பேசுங்கள். என்ன சொன்னார்கள் என்று இங்கே வந்து எழுதுங்கள்.